எலி வேட்டைக்குப் போகும் பட்டணத்துக்காரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு வருஷமாகத் தை, மாசி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் வீட்டில் இருப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில், அறுவடை முடிந்த வயல்களில், ஒரு இருளர் பழங்குடிக் குடும்பத்தோடு எலி பிடிக்கப் போய்விடுவேன். மற்றபடி வேளச்சேரியில் குடியிருந்து, கிண்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வழக்குப் பார்க்கிற ஆள். இது தெரிந்ததும் கல்யாணப் பந்தியிலும் லிஃப்டிலும் ஜனங்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். என்னோடு வருகிறவர்களின் பேரையும் ஊரையும் போடவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டபடி.

எலியா? வேட்டை என்றல்லவா சொன்னீர்கள்?

வேட்டைதான். துப்பாக்கி, ஜீப், தொப்பி இருந்தால்தான் வேட்டை என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். தடம் பார்க்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும், உள்ளே இருக்கிற உயிர் அடுத்து என்ன செய்யும் என்று அதற்கு முன்னால் நாம் யோசிக்க வேண்டும். யானையானால் என்ன, எலியானால் என்ன? எலி சின்னது, அவ்வளவுதான். தப்பிப்பதில் அது யாருக்கும் சளைத்ததில்லை.

இது எப்படித் தொடங்கியது?

மாமனார் வழியில் மதுராந்தகம் பக்கம் எண்பது சென்ட் நிலம் வந்தது. குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர் ஒருநாள் போன் செய்து, "சார், வரப்பு பூரா எலி. கதிரை அறுத்து அறுத்து உள்ள இழுக்குது" என்றார். நான் உடனே கடைக்குப் போய் எலி மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். என் வழக்கமே அப்படி: பிரச்சினை என்றால் முதலில் எதையாவது வாங்குவது. அவர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா ஊர் நாய், கோழி, ஆந்தை எல்லாம் சேர்ந்து போவும் சார். இருளருங்களக் கூப்பிடலாம்" என்றார்.

மூன்று பேர் வந்தார்கள். அறுபது வயதுப் பெரியவர், அவர் மனைவி, மருமகன். ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, ஒரு சாக்கு, அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்பானை. மதியத்துக்குள் நாற்பதுக்கு மேல் பிடித்தார்கள். நான் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தேன். அடுத்த வாரம் இன்னொருவர் வயலுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "நானும் வரட்டுமா" என்று கேட்டேன். பெரியவர் என் செருப்பைப் பார்த்தார். "வாங்க சார்" என்றார். சொன்ன விதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை.

வேட்டையாடுவது குற்றமில்லையா?

பெரும்பாலும் குற்றம்தான், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முயல், உடும்பு, காடை, கௌதாரி எதைப் பிடித்தாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். உடும்புக்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு, அதாவது புலிக்கு இருக்கிற அதே வரிசை. எலி விஷயம் வேறு. அந்தச் சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே எலியும் காக்காயும் தொல்லை தரும் உயிர்கள் என்று ஐந்தாம் அட்டவணையில் இருந்தன. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். பாதுகாக்கப்படும் உயிர்களின் பட்டியலில் வயல் எலி இப்போதும் இல்லை. ஆகவே விவசாயி கூப்பிட்டு அவர் நிலத்தில் எலி பிடிப்பதில் தப்பில்லை.

பெரியவரின் அப்பா காலத்தில் முயலுக்கு வலை கட்டினார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு ருசி வரும். அதோடு நிறுத்திக்கொள்வார், நானும் மேலே கேட்பதில்லை.

எலி பிடிப்பது எப்படி நடக்கும்? விவரமாகச் சொல்லுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் எதையும் தோண்டுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். பெரியவர் வரப்பின் மேல் நடப்பார், குனிவார், மறுபடி நடப்பார். வளையின் வாயில் சிலந்தி நூல் கட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம், தாண்டிப் போய்விடலாம். வாயில் புது மண் ஈரத்தோடு உருண்டை உருண்டையாகக் கிடந்தால் ராத்திரி யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். வாயையே மண்ணால் அடைத்திருந்தால் அது வரப்பெலி. உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்கிற ரகம், கதிரை அடுக்கிவைப்பதும் அதுதான். கொஞ்சம் மேட்டில், கரம்பு நிலத்தில் இருப்பது வெள்ளெலி. அதன் வளையில் ஒரு சூட்சுமம் உண்டு. வாசல் ஒன்று இருக்கும், அதைத் தவிர எங்கேயோ ஒரு பக்கம் மண்ணை மேல்வரை குடைந்து, விரற்கடை கனத்துக்கு மட்டும் விட்டுவைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் வெறும் தரைதான். நாம் வாசலில் புகை போட்டுக்கொண்டிருக்கும்போது அது அந்த மெல்லிய கூரையை முட்டி உடைத்துக்கொண்டு பாய்ந்துவிடும்.

அதனால் பெரியவரின் மனைவி (நான் ஆயா என்று கூப்பிடுகிறேன்) வளையைச் சுற்றிக் குதிகாலால் தட்டிக்கொண்டே வருவார். ஒரு இடத்தில் சத்தம் மாறும். எனக்கு அது கேட்பதே இல்லை, எட்டு வருஷமாகியும். அங்கே ஒரு மண்கட்டியை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மற்ற வாய்களையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அடைத்தபிறகுதான் பானை வரும்.

பானைக்குள் வைக்கோலும் காய்ந்த இலையும் திணித்துப் பற்றவைத்து, பானை வாயை வளை வாயோடு பொருத்தி, சுற்றி ஈரமண் பூசுவார்கள். அடியில் இருக்கிற ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். புகை உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் எங்கோ நாம் எதிர்பார்க்காத விரிசலில் ஒரு நூல் புகை எழும்பும், அதையும் ஓடிப்போய் அடைக்க வேண்டும். அப்புறம் கடப்பாரை. தோண்டிக்கொண்டே போனால் மயங்கிய எலிகள் ஒன்றன்பின் ஒன்றாக. கையாலேயே வாலைப் பிடித்துத் தூக்கிச் சாக்கில் போடுவார்கள்.

பத்துப் பதினைந்து அடி தோண்டினபின் ஒரு அறை வரும். அதில் கதிர்கள் ஒரே பக்கம் தலைவைத்து அடுக்கியிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. என் வீட்டு அலமாரி அத்தனை ஒழுங்காக இல்லை. ஒரே வளையில் இரண்டு படிக்குமேல் நெல் எடுத்த நாளும் உண்டு. அந்த நெல் பிடித்தவர்களுக்குத்தான். நிலத்துக்காரர்கள் பொதுவாகக் கேட்பதில்லை, அது ஊர் வழக்கம்.

இதில் உங்கள் வேலை என்ன?

சாக்குப் பிடிப்பது.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அலுவலகத்தில் எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். வயலில் எனக்குக் கீழே யாரும் இல்லை, பத்து வயதுப் பேரன்கூட எனக்கு மேலேதான். சாக்கின் வாயை இறுக்கிப் பிடிக்க வேண்டும், சொல்லும்போது திறக்க வேண்டும், சொன்னதும் மூட வேண்டும். முதல் வருஷம் ஒருதரம் நான் ஆர்வக்கோளாறில் சாக்கை விரித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். ஏழெட்டு எலி என் கைமேல் ஏறி ஓடிவிட்டன. யாரும் திட்டவில்லை. மருமகன் மட்டும், "எண்ணிப் பாத்தீங்களா சார், எத்தினின்னு?" என்று கேட்டார். கணக்குப் பார்க்கிற ஆள் என்பது அவருக்குத் தெரியும்.

இத்தனை வருஷத்தில் நான் கற்றதில் பாதி இந்தச் சாக்கிலிருந்து வந்தது. நாற்பத்தைந்து வயதில், ஒரு கூட்டத்தில் ஒன்றுமே தெரியாதவனாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. யோசனை சொல்லத் தோன்றும். நாலு தடவை சொன்னேன், நாலு தடவையும், "ஆமா சார்" என்றுவிட்டு அவர்கள் வேறு மாதிரி செய்தார்கள். ஐந்தாவது தடவை வாயை மூடிக்கொண்டேன். மூடின பிறகுதான், ஆயா எங்கே தட்டுகிறார் என்பதே கண்ணில் பட ஆரம்பித்தது.

அப்படியானால் வேட்டையிலிருந்து அலுவலகத்துக்கு என்ன பாடம்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். "பழங்குடியிடம் கற்ற ஏழு மேலாண்மைப் பாடங்கள்" என்று வாட்ஸாப்பில் உருட்டிவிடுவதற்காக அவர்கள் எலி பிடிக்கவில்லை. சோற்றுக்காகப் பிடிக்கிறார்கள்.

ஆனாலும் நான் மாறியிருக்கிறேன், இல்லை என்று சொன்னால் பொய். ஒன்று சொல்கிறேன். எலி பிடித்து முடிந்ததும் எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போவதில்லை. வெட்டின வரப்பை மறுபடி கட்டுவார்கள். மண்ணைத் தள்ளி, மிதித்து, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்துச் சமன் செய்வார்கள். எலி பிடிக்க ஒரு மணி நேரமென்றால் இதற்கு முக்கால் மணி. முதல் தடவை நான் வெயிலில் பசியோடு நின்றுகொண்டு, "போதுமே" என்றேன். பெரியவர் நிமிரவில்லை. "தண்ணி கட்டினா இங்கதான் சார் ஒடச்சுக்கும். அப்புறம் யாரு நம்மள உள்ள உடுவாங்க?" என்றார். இப்போது நான் ஒரு கணக்கை முடித்துக் கொடுக்கும்போது, நடுவில் எதையெல்லாம் கலைத்தேனோ அதையெல்லாம் திருப்பி அடுக்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். எனக்குக் கீழே இருக்கிற ஆறு பேருக்கும் இது பிடிக்கவில்லை. நான் பாதியில் விட்டதையெல்லாம் முன்பு அவர்கள்தான் சரிசெய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

ஒன்றும் கிடைக்காத நாளில்?

திரும்பி வருவோம். போன வருஷம் மார்கழிக் கடைசியில் மழை பிடித்து, வயலில் தண்ணீர் நின்று, எலியெல்லாம் எங்கேயோ மேட்டுக்கு ஏறிவிட்டன. காலை ஆறரையிலிருந்து பதினொன்று வரை நடந்தோம். இரண்டே இரண்டு சுண்டெலி. நான் உர்ரென்று இருந்தேன். பெரியவர் வழியில் ஓடைப் பக்கம் இறங்கி, ஆயாவோடு சேர்ந்து நண்டு பொறுக்கினார், கொஞ்சம் கீரை கிள்ளினார். எலி வேட்டை எப்போது நண்டு வேட்டையாக மாறியது என்று எனக்குப் புரியவே இல்லை. "இன்னிக்கு இன்னா கிடைக்குதோ அது" என்ற கணக்கோடுதான் அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். எலி என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான்.

பங்கு எப்படிப் பிரிப்பார்கள்?

வந்தவர்களுக்கெல்லாம் சமம். ஊதினவர், தோண்டினவர், சாக்குப் பிடித்தவர் என்ற பேதம் கிடையாது. எனக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். முதலில், "எனக்கெதற்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஆயாவின் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் மருமகன் தனியாகச் சொன்னார்: "பங்கு வேணாம்னா, கூட வரலன்னு அர்த்தம் சார்." அன்றிலிருந்து வாங்கிக்கொள்கிறேன்.

சாப்பிடுவீர்களா?

சாப்பிடுவேன். நெல் தின்று வளர்ந்த எலி, சாக்கடை எலி இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. நெருப்பில் போட்டு மயிரைப் பொசுக்கி, சுரண்டிக் கழுவி, குடலை எடுத்துவிட்டு, மிளகாயும் உப்பும் பூண்டும் தட்டிப் போட்டு வறுப்பார்கள். வெள்ளெலிதான் ருசி என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். எலும்பு சின்னது, காடை மாதிரி கடித்துச் சாப்பிட வேண்டும்.

என் மனைவி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அது நியாயம்தான். அங்கேயே சாப்பிட்டுவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. எலியின் சிறுநீரால் பரவுகிற எலிக்காய்ச்சல் சாதாரண விஷயமில்லை. கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்கக் கூடாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விஷம் வைத்த வயலில் பிடித்த எலியைத் தொடவே கூடாது. யாராவது கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பதே, "மருந்து வச்சீங்களா?" என்றுதான். வைத்தேன் என்றால் அந்த வயலுக்குப் போவதில்லை.

வளையில் கை விடுகிறீர்களே, பாம்பு இருக்காதா?

இருக்கும். எலி இருக்கிற இடத்தில் பாம்பு இல்லாமல் எப்படி?

மூன்றாம் வருஷம் நடந்தது இது. பாதி தோண்டியாகிவிட்டது. பெரியவர் சட்டென்று கடப்பாரையை நிறுத்தினார். ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார், மருமகனிடம் நீட்டினார், அவரும் மோந்து பார்த்துத் தலையாட்டினார். "கம்முனு இருங்க" என்றார் என்னிடம், நான் கம்மென்றுதான் இருந்தேன். மெதுவாகக் குனிந்து உள்ளே பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு இருட்டுதான் தெரிந்தது. கண் பழகினபின், அந்த இருட்டில் ஒரு பகுதி மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நல்ல பாம்பு. நமக்கு முன்னாலேயே வந்து, அதுவும் எலிக்குத்தான் வந்திருக்கிறது. பெரியவர் தோண்டின மண்ணைத் திருப்பித் தள்ளி, வழியை மட்டும் திறந்துவைத்துவிட்டு, "அது பங்கு அது" என்று சொல்லிச் சாக்கைத் தூக்கச் சொன்னார். ஒரு மணி நேர உழைப்பு போயிற்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாம்பு பிடிக்கத் தெரியாதவர் இல்லை அவர். ஆனால் அதற்கு உரிமம் வேண்டும். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரம்தான் இருளர்களுக்கு வருமானம். அது சட்டத்தால் நின்றபோது பல குடும்பங்கள் தடுமாறிப்போயின. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியும் சேர்ந்து, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்திருந்து, நாலு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்ப விட்டுவிடுவார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடுகிற விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையால் எடுத்தது. பெரியவரின் மச்சான் அதில் உறுப்பினர்.

திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் 8 நாளிலேயே 13 பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இதை நான் பெரியவரிடம் உற்சாகமாகச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஊரு மண்ணு எப்பிடியாம்?"

கடித்துவிட்டால்?

அசையாமல் உட்காரவைத்து, கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல், 108க்கு போன் செய்து அரசு மருத்துவமனைக்கு. கட்டுப்போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. இந்தியாவில் 2000க்கும் 2019க்கும் இடையில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் செத்திருக்கிறார்கள் என்று ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் பெரியவருக்கும் எனக்கும் ஒத்துவராது. அவருக்குப் பச்சிலை தெரியும், அதில் நம்பிக்கையும் உண்டு. "உங்க மச்சான் எடுக்கிற விஷத்துலதானே அந்த ஊசியே பண்றாங்க" என்று நான் மடக்கினால் சிரிப்பார். மருந்தும் சாப்பிடுவேன், ஊசியும் போட்டுக்குவேன் என்பார். ஊசி முதலில் என்று நான் சொல்வேன். அதோடு பேச்சு நிற்கும். எல்லாவற்றிலும் அவர் சொல்வதே சரி என்று நான் நினைப்பதாக யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

புகை ஊதிப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரே ஒரு தடவை. மூன்று மூச்சுக்குமேல் முடியவில்லை. ஊதி முடித்து மூச்சை இழுக்கும்போது வாயை எடுக்க மறந்துவிட்டேன், புகை முழுக்க என் நெஞ்சுக்குள். அன்றைக்குப் பூராவும் இருமினேன். பெரியவர் ஐம்பது வருஷமாக ஊதுகிறார். அவர் உதட்டோரம் சூட்டுத் தழும்பு இருக்கிறது. ராத்திரி இருமுகிறார். 2000களின் தொடக்கத்தில், கையால் சுற்றுகிற காற்றாடி வைத்த இரும்புக் கருவி ஒன்றை இருளர்களுக்கென்றே செய்து, உலக வங்கிப் போட்டியில் பரிசுப்பணம் பெற்றுப் பல குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். இவர்களுக்கும் ஒன்று வந்தது, கைப்பிடி கழன்றபின் மூலையில் கிடந்தது. போன வருஷம் நான் அதைக் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து கொண்டுபோனேன். இந்தக் கூட்டத்துக்கு நான் செய்த உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

கேட்கவே அழகாக இருக்கிறதே, நிம்மதியான வாழ்க்கை இல்லையா?

இல்லை. இந்தப் பேச்சை எடுக்கிறவர்களை ஒருநாள் அவர்கள் வீட்டில் தங்கச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் என்று அரசு தனியாகப் பட்டியலிட்ட ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் சுமார் 1.9 லட்சம் பேர். இவர்கள் இருக்கிற ஓலைக் குடிசைகளுக்குப் பட்டா கிடையாது, ஏரிக்கரைப் புறம்போக்கு. பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை நடை! பாம்பு பிடித்துக் காட்டு, அப்போது நம்புகிறேன் என்று ஒரு அலுவலகத்தில் கேலியாகக் கேட்டார்களாம். மருமகன் சின்ன வயதில் அப்பா வாங்கிய முன்பணத்துக்காக ஒரு அரிசி ஆலையில் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்தவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அவர் பிறந்தது அதற்கு எவ்வளவோ பின்னால்.

அந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னது ஆறாவது வருஷத்தில், மத்தியானம் வரப்பில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. ராத்திரி நெல் அவிக்கும்போது தூங்கிவிட்டால் முகத்தில் வெந்நீர் தெளிப்பார்களாம். சொல்லிவிட்டு, "வெங்காயம் வேணுமா சார்?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வெங்காயத்தை வாங்கிக்கொண்டேன்.

வயலும் குறைந்துகொண்டே வருகிறது. நாங்கள் முதல் வருஷம் போன ஏழு இடங்களில் மூன்றில் இப்போது கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா? நாங்களும் வரலாமா?

என் மகள் இரண்டு தடவை வந்தாள். சாக்கு எனக்கு, தண்ணீர் பாட்டில் அவளுக்கு. மற்றவர்களை நான் கூட்டிப்போவதில்லை. அது சுற்றுலா இல்லை, அவர்களுக்குப் பிழைப்பு. ஒரு நண்பர் கேமராவோடு வந்து, ஆயாவை எலியைப் பல்லருகே பிடித்துக் காட்டச் சொன்னார். அதுதான் கடைசி.

உங்களை அவர்கள் வீட்டு ஆளாக நினைக்கிறார்களா?

இதற்கு ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் எட்டு வருஷமாகியும் பெரியவருக்கு நான் சார்தான். ஆயா மட்டும் தம்பி என்பார், அதுவும் அதட்டும்போது.

மாசி மகத்துக்கு ஒரு வருஷம் கூப்பிட்டார்கள். அந்தப் பௌர்ணமிக்கு எங்கெங்கோ இருக்கிற இருளர்களெல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். விடியற்காலையில் அந்த மணலிலேயே கல்யாணங்கள் நடக்கும். ராத்திரி முழுக்க மணலில் படுத்திருந்தேன். யார் யாரோ வந்து பெரியவரிடம், "இது யாரு?" என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் அதே பதிலைச் சொன்னார்: "நம்மகூட வேட்டைக்கு வர்றவரு." அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை என் கடைசி பதவி உயர்வோடு ஒப்பிட மாட்டேன், அலுவலகத்தில் யாராவது படித்துவிடுவார்கள்.

அவர்கள் உங்களிடம் என்ன கற்றுக்கொண்டார்கள்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, என் மகள் மட்டும் கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். வங்கியில் பணம் எடுக்கிற சீட்டை நிரப்புவது, மனு எழுதுவது, ஆதாரில் முகவரி மாற்றுவது எல்லாம் ஐந்தாறு வருஷம் நான்தான் செய்துகொடுத்தேன். வேட்டை முடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து, கை கழுவிவிட்டு, பேனாவை எடுப்பேன். சுற்றி நாலு பேர் தாள்களோடு நிற்பார்கள். அந்த அரை மணி நேரம் மட்டும் நான்தான் தெரிந்தவன்.

பெரியவரின் பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன தையிலிருந்து அவளே எல்லாம் நிரப்பிவிடுகிறாள், என் கையெழுத்தைவிட அவளுடையது நன்றாக இருக்கிறது. போன வாரம் நான் வழக்கம்போல் பேனாவை எடுத்ததும், "அதெல்லாம் புள்ள முடிச்சிட்டா சார்" என்றார் பெரியவர். பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, சாக்கை உதறி மடிக்கப் போனேன்.